வளைவுக்கு ஏற்ற கொடி

பெஹாலாவில் வாசல் வளைவில் கொடி ஏற்ற விரும்பும் நம்மவர்கள் முதலில் பூவைப் பார்க்கிறார்கள். ரயில்வேயில் சுமைக் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்ற நான், முதலில் வளைவைப் பாருங்கள் என்பேன். கால்பைசாகிக் காற்றில், நனைந்த அடர்கொடி பாய்மரம் போல வளைவையே இழுக்கும். 2020 மே 20-இல் ஆம்பன் புயல் இந்நகரில் பெரிய மரங்களையே சாய்த்தது.

மூங்கில் வளைவென்றால் சங்குப்பூ போதும். இங்கே ‘அபராஜிதா’ என்று கேளுங்கள். மெல்லிய தண்டு, தானே சுற்றி ஏறும். முல்லையையும் கட்டி ஏற்றலாம். வீட்டுப் பெண்கள் தொடுத்து வைக்கப் பூ கிடைக்கும்.

சிமெண்டில் ஊன்றிய இரும்புக் குழாய் வளைவென்றால் ரங்கூன் மல்லி. வெள்ளையாக மலர்ந்து இளஞ்சிவப்பாகிச் சிவக்கும். தண்டோ மரம்போல் தடிக்கும். இங்கே பலர் இதையே ‘மாதவிலதா’ என்கிறார்கள். உண்மையான மாதவி நம் குருக்கத்தி, அதுவும் பெருங்கொடிதான். எனவே பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் இலை, பூவைப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தைகள் நுழையும் வழியில் முள்ளுள்ள காகிதப்பூ வேண்டாம்.

ரங்கூன் மல்லியை மாசிக்குள் கவாத்து செய்துவிடுங்கள். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூ குறையாது. காற்று ஊடுருவிப் போக வழியிருந்தால் வளைவும் நிற்கும்.