நாய் போச்சு... தீனி வருது!

மாரமங்கலத்தில் எனக்கு ஒரு நண்பர். காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போய்ச் சேர்ந்தால், வாசலில் குரைக்க ஆளில்லை. திண்ணையில் மட்டும் நாய்த் தீனி மூட்டை மூன்று!

''அது செத்து மூணு மாசம் ஆச்சுப்பா. தீனி மட்டும் தவறாம வருது'' என்றார். குரல் கொஞ்சம் கம்மியது.

மாதச் சந்தா, சார். செல்போனில் ஒரு தட்டு தட்டிச் சேர்ந்துவிட்டார். விலகும் வழிதான் தெரியவில்லை. பாங்க்கில் பணம் மாசாமாசம் காலி.

பி.காம். படித்த பாவத்துக்கு நிபந்தனைகளை நான் உட்கார்ந்து படித்தேன். பிராணிக்கு என்ன ஆனாலும் மூட்டை விலைக்கு மேல் பைசா கிடையாது. வழக்கென்றால் டில்லிப் பக்கம் வரணும்.

''ஒத்துக்கிட்டாச்சே, இனி என்ன பண்றது?''

அப்படி விட்டுவிட முடியாது. சென்னையில் ஒரு லாண்டரி, சலவைக்குப் போட்ட புதுப் புடவையைத் தொலைத்தது. 'தொலைந்தால் விலையில் ஒரு பங்குதான் தருவோம்' என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தார்கள். செல்லாது, முழு விலையைக் கொடு என்றது சென்னை ஹைகோர்ட். 1966-ஆம் வருடச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது அந்தத் தீர்ப்பு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தாராளம். டில்லியாவது, கில்லியாவது... நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்கும் போகலாம். சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் தந்திரத்துக்கு 2023 நவம்பரிலேயே தடை வந்தாச்சு. புகாருக்கு 1915.

தீனி கெட்டுப்போய் நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனால்? சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. (நண்பரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்.) சொத்துக்குச் சேதம் என்று டாக்டர் செலவைக் கேட்கலாம். ஆனால் தீனிதான் காரணம் என்று நிரூபிக்கணுமே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள பேட்ச் நம்பரும் டாக்டர் சீட்டும் வேணும். மிச்சத் தீனியையும் கட்டி வையுங்கள்.

நண்பர் விஷயத்துக்கு கோர்ட் தேவைப்படவில்லை. இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னாலேயே தகவல் தரணும், நிறுத்தவும் வழி வைக்கணும் என்பது ரிசர்வ் பாங்க் விதி. அவர் போனைத் திறந்தால், படிக்காத எஸ்.எம்.எஸ். நானூறுக்கு மேல்! நடுவில் இதுவும் கிடந்தது. பாங்க் ஆப்பில் போய் அனுமதியை ரத்து செய்தோம்.

மூட்டைகள்? தோட்டத்து லைன் வீட்டு நாய்கள் நாலு அவருக்கு இப்போது ரொம்ப சிநேகம்.