ஒரே கேள்விக்கு எத்தனை மீளாய்வுகள்?

ஒரு மருந்து பலன் தருமா என்று நடந்த சோதனைகளை எல்லாம் தேடித் திரட்டி, தரம் பார்த்து, ஒட்டுமொத்த முடிவு சொல்வது முறைசார் மீளாய்வு. ஆனால் ஒரே கேள்விக்கு மீளாய்வுகளே குவிந்தால்? மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி 2007 முதல் 2014 வரை 185 மெட்டா அனாலிசிஸ்கள் (பல சோதனைகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் இணைப்பவை) வெளியானதை ஆய்வாளர் ஜான் அயோனிடிஸ் 2016-இல் சுட்டிக்காட்டினார்.

ஏன் இப்படி? புதிதாக நோயாளிகளைச் சேர்க்க வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். கணினியும் தரவுத்தளமும் இருந்தால் கட்டுரை தயார். பதவி உயர்வுக்கோ கட்டுரைகளின் எண்ணிக்கை கைகொடுக்கிறது.

ஒரே சோதனைகள் பல மீளாய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த மேற்படிதலை எப்படி அளப்பது? ஓர் அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு சோதனை, பத்திக்கு ஒரு மீளாய்வு. எந்த மீளாய்வு எந்தச் சோதனையைச் சேர்த்ததோ அந்தக் கட்டத்தில் டிக். 10 சோதனைகள், 3 மீளாய்வுகள் என்றால் 30 கட்டங்கள். அவற்றில் 16 டிக் விழுந்ததாக வைப்போம். ஒவ்வொரு சோதனைக்கும் முதல் டிக் இருந்தே தீரும். ஆகவே கட்டங்கள், டிக்குகள் இரண்டிலும் 10-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் 20 கட்டங்களில் 6 டிக், அதாவது 30 சதவீதம். 2014-இல் முன்வைக்கப்பட்ட இந்த அளவுகோலில் 15 சதவீதத்தைத் தாண்டினாலே மேற்படிதல் மிக அதிகம்.

எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. பழைய முடிவைச் சுதந்திரமாகச் சரிபார்க்கும் மீளாய்வு வீணல்ல. புதிய சோதனைகளைச் சேர்த்துப் புதுப்பிப்பதும் தேவைதான். கேள்வி, காலம், முறை மூன்றும் மாறாமல், முந்தையதைப் பற்றிப் பேச்சும் இல்லாமல் வருவதுதான் வீண். அதைத் தவிர்க்கவே, மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிவதற்காக 2011 முதல் இயங்கும் புராஸ்பெரோ பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.