எஃகின் மேல் ஒரு நீலச் சட்டை

பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கடிகாரம் பழுது பார்ப்பவர் திறக்கும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சில கடிகாரங்களின் முட்களும் குட்டித் திருகாணிகளும் அழகான நீல நிறத்தில் இருக்கும். கைத்துப்பாக்கியின் குழாயும் பல சமயம் கருநீலமாகவே காணப்படும். இவற்றின் மேல் யாரும் நீல வண்ணம் பூசவில்லை. இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்து செய்த வேலை அது.

துப்பாக்கி சேகரிப்போர் பலர் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில் சிலர், நிறம் தேய்ந்து திட்டுத் திட்டாகிப்போன குழாயிலிருந்து அந்த நீலத்தை நீக்கி, வெள்ளிபோலப் பளபளக்கச் செய்ய ஆசைப்படுகிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே அது நமக்கு வேண்டாம். ஆனால் அதில் அடங்கியுள்ள இயற்பியலையும் வேதியியலையும் ஓர் இரும்பு ஆணியைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

நீலம் எப்படி வந்தது?

பளபளப்பான எஃகைக் காற்றில் சூடாக்கினால் அதன் மேல் இரும்பு ஆக்ஸைடு ஏடு ஒன்று படர்கிறது. சுமார் 230 டிகிரி செல்சியஸில் அது வைக்கோல் மஞ்சளாகத் தெரியும். 260 டிகிரி அளவில் பழுப்பு, 280இல் ஊதா, 300ஐ ஒட்டி நல்ல நீலம். அதற்கும் மேலே போனால் சாம்பல் நிறம் வந்துவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் உளிக்கும் கத்திக்கும் பதம் வைத்த கொல்லர்கள் இந்த நிறங்களைப் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டார்கள்.

ஆக்ஸைடு ஒன்றுதான் என்றால் நிறம் ஏன் மாறுகிறது? சோப்புக் குமிழியிலும் மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் வானவில் நிறங்கள் தோன்றுவதற்கு எது காரணமோ, அதுவேதான் இங்கும் காரணம். ஒளியில் ஒரு பகுதி ஏட்டின் மேற்பரப்பிலிருந்து திரும்புகிறது. மற்றொரு பகுதி உள்ளே புகுந்து, அடியிலுள்ள எஃகில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய இரண்டு அலைகளும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதுவே குறுக்கீட்டு விளைவு. ஏடு மெல்லியதாக இருக்கும்போது ஊதாவும் நீலமும் அழிந்து மஞ்சள் எஞ்சும். ஏடு தடிக்கத் தடிக்க நீண்ட அலைகள் அழிந்து நீலம் எஞ்சும். அந்த ஏட்டின் தடிப்போ, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இராது! சூடாக்கிய எஃகின் இந்நிறங்களை நியூட்டன் 1704இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

இக்காலத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வேறு முறை. எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த அடர்ந்த கரைசலை ஏறத்தாழ 140 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் எஃகை அமிழ்த்துகிறார்கள். அப்போது மேற்பரப்பு மேக்னடைட்டு என்னும் கறுப்பு ஆக்ஸைடாக மாறுகிறது. காந்தக்கல்லும் இதே பொருள்தான். கண்ணைப் பொசுக்கக்கூடிய இக்கரைசலில் சிறிது தண்ணீர் விட்டாலும் வெடித்துத் தெறிக்கும். இது தொழிற்சாலை வேலை; வீட்டு வேலை அன்று.

துருவும் ஆக்ஸைடு, காவலும் ஆக்ஸைடா?

நல்ல கேள்வி. சிவந்த துரு பொருமிப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் புதிய இரும்பு வெளிப்பட்டு மேலும் துருப்பிடிக்கும். மேக்னடைட்டோ இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். எனினும் அது தனியே பெரிய காவலன் அன்று. அதிலுள்ள நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துவைக்கின்றன. எண்ணெய்தான் ஈரத்தைத் தடுக்கிறது. சட்டை ஆக்ஸைடு, குடை எண்ணெய் என்று சொல்லலாம்.

சட்டையைக் கழற்றினால்?

அமிலம் ஆக்ஸைடைக் கரைக்கும். வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலமே இதற்குப் போதும். பாஸ்பாரிக் அமிலம் இன்னும் விரைவாகக் கரைக்கும். ஆனால் ஆக்ஸைடு தீர்ந்ததும் அமிலம் நின்றுவிடாது. இரும்பையும் அரிக்கத் தொடங்கும். அப்போது பிறக்கும் ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகினுள் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறக்கூடும். ஆகவே நிறம் போனவுடனே வெளியே எடுத்துக் கழுவி, உலர்த்திவிட வேண்டும்.

அடுத்தது மெருகேற்றல். மெருகு என்பது கீறல்களே இல்லாத நிலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மிகச் சிறிய கீறல்கள் நிறைந்த நிலை! எமரித் தாளின் மணிகள் பெரிய கீறல்களை அழித்துச் சிறிய கீறல்களைப் போடுகின்றன. அடுத்த நயமான தாள் அவற்றை அழித்து இன்னும் சிறியவற்றைப் போடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் 4 முதல் 7 பங்கு வரை. மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவையாகும்போது ஒளி சிதறாமல் ஒரே சீராகத் திரும்புகிறது. எஃகு கண்ணாடியாகிறது.

ஒவ்வொரு தாளையும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்ப்பது வழக்கம். பழைய கீறல் மறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும். அவசரப்பட்டு இடைப்பட்ட தாளை விட்டுவிட்டால், ஆழமான கீறல்கள் கடைசிவரை பல்லைக் காட்டும்.

மெருகேற்றும்போது இழப்பும் உண்டு. ஆக்ஸைடுச் சட்டை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். தேய்ப்பவர் அதைவிடப் பல மடங்கு எஃகைத் தேய்த்துவிடுகிறார். கூரிய விளிம்புகள் மழுங்கும்; செய்தவரின் முத்திரையும் எண்களும் மங்கும். பழம்பொருளின் வரலாறு தூளாக உதிர்ந்துவிடும். வெறுமையாகிப்போன எஃகில், தொட்ட விரலின் வியர்வை உப்பே துருவுக்கு விதையாகும். அருங்காட்சியகங்களில் பழைய உலோகப் பொருள்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தயங்குவது இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

துத்தநாகம் பூசாத இரண்டு இரும்பு ஆணிகளை எமரித் தாளால் பளபளக்கத் தேயுங்கள். ஆசிரியர் அருகிலிருக்க, ஓர் ஆணியின் தலையை இடுக்கியால் பிடித்து, முனையை மட்டும் சாராய விளக்கில் காட்டுங்கள். முனையிலிருந்து சாம்பல், நீலம், ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று நிறப்பட்டைகள் தலையை நோக்கி நகர்வதைக் காணலாம். ஆறிய பிறகு அதை வினிகரில் போட்டு, நிறங்கள் மறைகின்றனவா என்று அவ்வப்போது பாருங்கள். மறைந்ததும் கழுவித் துடைத்து, மறுபடி தேயுங்கள்.

இப்போது ஓர் ஆணிக்கு மட்டும் எண்ணெய் தடவி, இரண்டின் மேலும் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, ஓர் இரவு வைத்திருங்கள். எந்த ஆணி சிவக்கும்? ஏன்? காலையில் பார்த்து, விடையை உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு வீட்டிலுள்ள அரிவாளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் அம்மா ஏன் எண்ணெய் போடுகிறார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிராது.