ஸ்டார் கொடுக்கும் ஆப்... படிப்பில் ஆர்வம் கூடுமா, குறையுமா?

சரியான விடைக்கு ஸ்டார், தினமும் வந்தால் பேட்ஜ். கணக்கு ஆப்பைத் திறந்தால் குழந்தை அரை மணி நேரம் அசையாது. ‘பரவாயில்லையே, தானா படிக்குதே’ என்று பெற்றோருக்கு நிம்மதி. ஆனால், ஸ்டார் இல்லாத கணக்கு நோட்டை அதே குழந்தை ஆசையாகத் திறக்குமா?

இதற்கு ஸ்மார்ட்போன் வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973-ல் வெளியிட்டது. படம் வரையப் பிடித்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் மட்டும், ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்பே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு இல்லாதபோது, அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் ஆர்வம் குறையவில்லை.

ஆப் தரும் ஸ்டாரும் முன்பே அறிவித்த பரிசுதான்.

அப்போ ஆப்பே வேண்டாமா? அப்படியில்லை. கணக்கு என்றாலே ஓடும் குழந்தையை உட்கார வைக்க ஸ்டார் உதவலாம். ஏற்கெனவே விரும்பிப் படிக்கும் குழந்தையிடம்தான் கவனம் தேவை. ‘இன்னைக்கு எத்தனை ஸ்டார்?’ என்று கேட்பதை விட்டு, ‘இந்தக் கணக்கை எப்படிப் போட்டே?’ என்று கேட்டுப் பாருங்கள்.