குடியரசுத் தலைவரும் மாளிகைகளும்

மன்னன் கட்டிய அரண்மனை மன்னனுக்கே உரியது. அவனுக்குப்பின் அவன் மைந்தனுக்கு உரியது. குடியரசு நாட்டிலோ தலைவர் வாழும் மாளிகை மக்களின் உடைமையாகும். அதில் வாழும் உரிமை பதவியோடு வந்து, பதவியோடு நீங்குவது. இவ்வுண்மையை நம் குடியரசுத் தலைவரின் பதவியும் அவர் உறையும் மாளிகைகளும் நன்கு விளக்குகின்றன.

இந்தியா 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் குடியரசாயிற்று. 35 வயது நிரம்பி, மக்களவை உறுப்பினராதற்குரிய தகுதியும் பெற்ற குடிமக்கள் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம். குலமும் செல்வமும் அதற்கு வேண்டப்படுவதில்லை. திண்டுக்கல்லை அடுத்த சாணார்பட்டியில் ஏர் பிடிக்கும் உழவர் ஒருவர் தலைவரை நேரே தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால், அவரும் அவரை ஒத்த மக்களும் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அத்தேர்தலில் வாக்களிக்கின்றனர். சட்டமன்ற உறுப்பினரது வாக்கின் மதிப்பு மாநில மக்கள்தொகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்கு 176 மதிப்புடையதாய் இருந்தது. இவ்வாறு சிற்றூர் மக்களின் குரல் தில்லிவரை சென்று சேர்கின்றது.

தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். நாடாளுமன்றம் இயற்றும் மசோதா அவர் ஒப்புதல் பெற்றே சட்டமாகும். முப்படைகளின் தலைமையும் அவருக்கு உரியது. ஆயினும் அவர் தம் விருப்பம்போல் ஆள்பவர் அல்லர். அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். அரசியலமைப்பை மீறுவாராயின், நாடாளுமன்றம் அவரைப் பதவியினின்று நீக்கலாம். வாடகையின்றி அவர் மாளிகையில் வாழலாம் என்பதைக்கூட அரசியலமைப்பே வகுத்துரைக்கின்றது.

அம்மாளிகை தில்லியில் இரெய்சினாக் குன்றின்மேல் உள்ளது. ஆங்கிலேயர் தம் வைசிராய்க்கென்று எழுப்பிய இதனை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்சு என்பவர். 340 அறைகள் கொண்ட இக்கட்டடம் 1929ஆம் ஆண்டில் நிறைவுற்றது. தம் ஆட்சி நெடுங்காலம் நிலைக்கும் என்று கருதியே அவர்கள் இதனைக் கட்டினர். ஆனால், 18 ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது.

1948ஆம் ஆண்டில் தலைமை ஆளுநராய் அங்கே குடிபுகுந்தவர் தமிழராகிய இராசகோபாலாச்சாரியார். வைசிராய் துயின்ற பெரிய அறை தம் எளிய வாழ்வுக்குப் பொருந்தாது எனக் கண்டு, அவர் சிறியதோர் அறையைத் தேர்ந்துகொண்டார். வைசிராயின் பகுதி, நாட்டுக்கு வரும் விருந்தினர்க்கு உரியதாயிற்று. பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அவ்வழக்கத்தையே பின்பற்றினர்.

 1931ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்த அப்துல் கலாம் 2002ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராகி அம்மாளிகையுள் நுழைந்தார். 2007ஆம் ஆண்டில் பதவிக்காலம் முடிந்ததும் வெளியேறி, மாணவர்க்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார்.

தில்லி மாளிகையேயன்றி, ஐதராபாத்துக்கு அருகில் பொலாரத்தில் இராஷ்டிரபதி நிலையமும், சிம்லாவை அடுத்த மசோப்ராவில் ஓர் இல்லமும் தலைவருக்கு உண்டு. தென்னாட்டுக்கு வருங்கால் முன்னதிலும், கோடையில் பின்னதிலும் தங்குவது வழக்கம். 2023ஆம் ஆண்டுமுதல் பொதுமக்களும் இவற்றைக் கண்டு வருகின்றனர். சிம்லாவில் வைசிராய்கள் கோடையைக் கழித்த பழைய மாளிகையோ உயராய்வு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் 1965ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். ஆள்வோர் மாளிகை அறிஞர் கூடமாயிற்று.

ஒரு மாளிகையின் பெருமை அதன் தூண்களிலும் மாடங்களிலும் இல்லை. மக்கள் அளித்த பொறுப்பாகப் பதவியைப் பேணி, காலம் நிறைவுற்றதும் மனநிறைவோடு அதனை அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்லும் பண்பிலேயே அப்பெருமை உள்ளது. அப்பண்பு நிலைக்கும்வரை குடியரசும் நிலைத்து நிற்கும்.