ஸ்கேன் நார்மல் என்றால் ஆடப் போகலாமா?

2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த கிக்பாக்ஸிங் போட்டியில் மைசூர் இளைஞர் ஒருவர் தலையில் குத்து வாங்கிச் சாய்ந்தார்; சில நாட்களில் இறந்தார். அரங்கில் மருத்துவ வசதியே இல்லை என்று அப்பா புகார் கொடுக்க, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவானது. அடுத்த மாதமே சென்னையில், தேசியப் போட்டியில், அருணாச்சலப் பிரதேச வீரர் ஒருவர் அதே போல் இறந்தார்.

இவை செய்தியானவை. நம் ஊர்களில் பந்து பட்டோ, கபடியில் மண்டை முட்டியோ பையன் தடுமாறினால், "ஒண்ணுமில்ல, மூஞ்சியக் கழுவிட்டு ஆடு" என்பதோடு முடிந்துவிடுகிறது. மூளை குலுங்கும் அந்த அடிதான் கன்கஷன். பெரும்பாலோர் மயங்குவதில்லை. சி.டி. ஸ்கேனும் வழக்கமாக நார்மலாகவே வரும். ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை மந்தமாக வேலை செய்வது அதில் தெரியாது.

2020 டிசம்பர் 4, கான்பெரா டி20-யில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அவர் நின்று இன்னிங்ஸை ஆடி முடித்தார். தலைசுற்றல் பிறகுதான் வந்தது. மாற்றாக இறங்கிய சஹால் 3 விக்கெட் எடுத்ததைப் பற்றித்தான் ஊரே பேசியது. அறிகுறி தாமதமாக வரும் என்ற பாடத்தை யாரும் கவனிக்கவில்லை.

ஸ்கேன் காட்டாததைக் காட்டும் வழிகளில் ஒன்று, எதிர்வினை நேரம். இதற்குக் கம்ப்யூட்டர் சோதனைகள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீழ்முனையில் எடை பொருத்திய ஒரு கோலை நழுவவிட்டுப் பிடிக்கச் சொல்லியே அளந்தார்கள். நம் வீட்டு 30 செ.மீ. ஸ்கேலிலும் அந்தத் தத்துவம் வேலை செய்யும். பிள்ளையின் முன்கை மேஜை மேல், உள்ளங்கை மட்டும் விளிம்புக்கு வெளியே. திறந்த விரல்களுக்கு நடுவே பூஜ்யம் வரும்படி ஸ்கேலைத் தொங்கவிட்டு, சொல்லாமல் விடுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 0.175 விநாடி; 20 என்றால் 0.20, 25 என்றால் 0.226. ஏழெட்டு முறை செய்து சராசரி எடுங்கள்.

இதைச் செய்ய வேண்டியது சீசன் தொடங்கும் முன், பிள்ளை நன்றாக இருக்கும் நாளில். அந்தப் பழைய அளவு இல்லாவிட்டால் அடிபட்ட பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தூக்கமின்மையும் களைப்பும்கூட எண்ணை மாற்றும். ஆகவே மந்தமானால் சந்தேகப்படுங்கள்; பழைய வேகத்தில் பிடித்தாலும் அதை வைத்து ஆட அனுப்பாதீர்கள். டாக்டர்கள் பயன்படுத்தும் ஸ்கேட்-6 படிவமே (13 வயது முதல்; 8 முதல் 12 வரை தனிப் படிவம்) தனியாகத் தீர்ப்பு சொல்வதற்கில்லை.

சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டம் கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் உடனே 108. மற்றபடி ஓரிரு நாள் ஓய்வு. பள்ளிக்கூடம் முதலில், பயிற்சி படிப்படியாக, டாக்டர் சொன்ன பிறகு மோதல் ஆட்டம். ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் 2009-ல் கன்கஷன் சட்டம் போட்டது, அடிபட்ட அன்றே மறுபடி ஆட விடப்பட்ட 13 வயதுச் சிறுவனால்தான்.

நம் நாட்டில் கன்கஷனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் கை கட்டி நிற்கத் தேவையில்லை. ஃபீஸ் வாங்கும் அகாடமி அலட்சியம் காட்டினால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. (பள்ளிகள் விஷயத்தில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை, வக்கீலிடம் கேளுங்கள்.) உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியம் போலீஸ் புகாருக்கும் உரியது. "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற படிவத்தில் போட்ட கையெழுத்து, அலட்சியத்துக்குக் கொடுத்த லைசென்ஸ் ஆகாது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்த சீசனுக்கு ஃபீஸ் கட்டும்போது கோச்சிடம் கேளுங்கள்: தலையில் அடிபட்டால் பிள்ளையை வெளியே எடுப்பது யார், எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில்? பதில் இல்லாத அகாடமிக்குப் பணம் கட்டாதீர்கள்.