மடக்குக் கத்திக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஓசூர் டூல்ரூம்களில் ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். எஃகு என்றால் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையனுக்கும் புரியும். தகட்டில் ஓட்டை போடும் பஞ்ச், அதற்கு அடியில் உட்காரும் டை, இரண்டுக்கும் பெரும்பாலும் அந்த எஃகுதான். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கார்பன், பன்னிரண்டு பங்கு குரோமியம். ஹார்டனிங் முடித்தால் கடினம் 58, 60 ஹெச்.ஆர்.சி. வரை நிற்கும். இணையக் கடைகளில் ‘டி2 ஸ்டீல்’ என்று விற்கும் மடக்குக் கத்தியும் அதே எஃகில் செய்ததுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வெளியே வருகிற ஒருவர் கைப்பேசியில் அதன் விலையைக் காட்டி “இதுக்கு இவ்வளவு கொடுக்கலாமா சார்?” என்று கேட்டால், பாதி விடை அவருக்கே தெரியும் என்றுதான் சொல்வேன். தினமும் கையாளும் உலோகம் அது.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரம் அப்போது ராகியும் கொள்ளும் விளையும் மேட்டுநிலம். அரிவாளும் கொடுவாளும் கத்தியும் ஊர்ப் பட்டறையில் பிறந்தன. லாரிகள் பெருகிய பிறகு முறிந்த ஸ்பிரிங் பட்டை ஆசாரிக்கு நல்ல சரக்கானது. கார்பன் தேவையான அளவு இருக்கிற எஃகு அது. காய்ச்சி அடித்து எண்ணெயில் தோய்த்தால் வாய் நிற்கும். மழுங்கினால் சாணைக்கல், நெளிந்தால் மறுபடியும் உலை. செய்தவரும் வாங்கியவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். தோய்ச்சல் தவறிய கத்தியை அடுத்த வாரமே கொண்டுபோய், “என்ன ஆசாரி, வாய் மடங்குதே” என்று நீட்ட முடிந்தது. இன்றைய உத்தரவாதச் சீட்டு எதிலும் அந்த உரிமை இல்லை.

மடக்குக் கத்தி மட்டும் பெரும்பாலும் வெளிச்சரக்கு. வாரச்சந்தையில் மரப்பிடியோ கொம்புப்பிடியோ போட்டு வரும். வாத்தியார் சட்டைப்பையில் பென்சில் சீவ, பெரியவர் மடியில் வெற்றிலைக் காம்பு கிள்ளவும் மாங்காய்ப் பத்தை போடவும், வண்டிக்காரரிடம் கயிறு அறுக்க என்று அது எங்கும் இருந்தது. அதில் பூட்டு கிடையாது. முனையை அழுத்தி ஏதாவது குத்தப்போனால் அலகு மடங்கி விரலில் இறங்கும். பழைய கத்திகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எஃகின் தரம் பற்றிய பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வைக் கொண்டு, இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிற்காலத்தில் ‘ஊட்ஸ்’ என்று உலகம் அழைத்த தென்னிந்திய உருக்கை லண்டன் அறிவாளர்கள் சோதிக்கத் தொடங்கியபோது, அவர்கள் செய்து பார்த்த பொருள் என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி. பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய கட்டியை, கருவி செய்வதில் பேர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அடித்து உருவாக்கினார். அடிக்கப் பெரும்பாடு பட்டாலும், கிடைத்த வாய் அங்கே கிடைத்த மிகச் சிறந்த எஃகுக்குக் குறைவாக இல்லை. ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு எஃகை நம்பலாமா என்று பார்க்கச் சின்னக் கத்தியே போதும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வாரச்சந்தைக் காலத்துக்குப் பிறகு ஓசூர் வட்டாரமே மாறியது. 1980இல் டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து உருண்டு வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டும், அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் டைட்டனும் ஆலை திறந்தன. வேலைக்கு வந்தவர்கள் கையில் அறுக்க வேண்டிய பொருளும் மாறிவிட்டது: அட்டைப்பெட்டி, பேக்கிங் பட்டை, கேபிள் டை. அதற்கு ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பிளேடு கட்டர் வந்தது. ஜப்பானில் 1956இல் கண்டுபிடித்தது, இன்று ஸ்டேஷனரிக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல ஆலைகளில் சொந்தக் கத்தியை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. கையை எடுத்ததும் பிளேடு தானே உள்ளே போகும் பாதுகாப்புக் கட்டரைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சரியான ஏற்பாடு. பெட்டி பிரிப்பதற்காக ஒருவர் விலை உயர்ந்த மடக்குக் கத்தி வாங்கினால், அந்தப் பணம் வீண்.

அப்படியானால் கூடுதல் விலை எதை வாங்கித் தருகிறது? விளம்பரம் எஃகின் பெயரைத்தான் முன்னே நிறுத்தும். ஆனால் டூல்ரூம்காரருக்குத் தெரியும், ஒரே கம்பியில் வெட்டிய இரண்டு பஞ்சுகளில் ஒன்று மாதக்கணக்கில் ஓடும், மற்றொன்று முதல் நாளே சில்லுடையும். வித்தியாசம் ஹீட் ட்ரீட்மென்ட்டில் இருக்கிறது. கத்திக்கும் அதே நியாயம். மட்டமாக ஹார்டனிங் செய்த டி2வைவிட ஒழுங்காகச் செய்த சாதாரண ஸ்டெயின்லெஸ் எவ்வளவோ மேல். 1897இல் பதிவான சுவிஸ் அதிகாரிக் கத்தியின் வழிவந்த விக்டோரினாக்ஸ் அலகு 56 ஹெச்.ஆர்.சி.தான். சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் சில நிமிடத்தில் தீட்டிவிடலாம், துருப்பிடிக்காது. 1890இல் பிரான்சின் சவாய் மலையில் பிறந்த ஓப்பினெல் கத்தியில் 1955 முதல் கழுத்து வளையம் ஒன்று சேர்ந்தது. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். நம் சந்தைக் கத்தியில் இல்லாமல் போனது அந்த ஒரு வளையம்தான். சில ஆயிரம் ரூபாய்க்குள் இந்த இரண்டும் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு இதுவே எல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இதற்கு மேலே உள்ள உலகம் வேறு. அமெரிக்காவில் 2001இல் கத்திக்காகவே உருவான எஸ்30வி போன்ற பவுடர் எஃகுகளில் நூற்றுக்கு நான்கு பங்கு வனேடியம் இருக்கிறது. அது உண்டாக்கும் கார்பைடு துகள்களால் கூர் நீண்ட நாள் நிற்கும்; அதே துகள்களால் சாதாரணக் கல் அதைத் தீட்டத் திணறும், டைமண்ட் தகடு வேண்டும். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா போன்ற கத்திகள் நானூறு டாலரைத் தாண்டும். கப்பலும் சுங்கமும் தனி. டைட்டானியம் பிடி, தூசு நுழைய இடமில்லாத பொருத்தம், ஆடாத அலகு எல்லாம் உண்மைதான். அளவுக்கருவி பிடித்துப் பழகியவருக்கு அந்தப் பொருத்தத்தைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி, அதற்காக வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். வெட்டும் வேலை பத்து மடங்கு கூடும் என்று எண்ணி வாங்கினால்தான் ஏமாற்றம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் தனியாகக் குறிப்பிடுகின்றன; வீட்டு, விவசாய, தொழில் உபயோகக் கருவிகளுக்கு விலக்கும் உண்டு. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய் விமானம் ஏறுகிறவர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்கக் கூடாது.

விலை பார்க்காமல் வாங்கு என்று நான் சொல்லும் ஒரே ஆள், மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர். போச்சம்பள்ளிக்குப் பக்கம் சந்தூர் நாற்றங்கால்களில் அந்த வேலை குடும்பம் குடும்பமாக நடக்கிறது. மென்தண்டு ஒட்டில் வேர்ச்செடியைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய குச்சியைச் செருக வேண்டும். சீவல் ஒரே இழுப்பில், அலையில்லாமல் வரவேண்டும். இரண்டு பட்டைகளுக்கும் அடியிலுள்ள பச்சைப் படலம் இடைவெளியின்றி ஒட்டினால்தான் கன்று பிழைக்கும். பலர் சவர பிளேடைப் பாதியாக உடைத்து ஓட்டுகிறார்கள். அது கூர்தான், ஆனால் நெளியும், விரலையும் பதம் பார்க்கும். ஒருபக்கம் மட்டும் தீட்டிய ஒட்டுக் கத்தி, நேரான அலகு, கையில் நிறையும் பிடி, இவை உள்ள நல்ல ஜெர்மன் மடக்குக் கத்தியை இவர் பருவம் முழுக்க நாள் தவறாமல் எடுப்பார். காப்பாற்றும் கன்றுகளிலேயே விலை திரும்பிவிடும். கார்பன் எஃகாக இருந்தால் மாம்பால் பட்டவுடன் துடைக்க வேண்டும், இரவில் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். கத்தியோடு நல்ல தீட்டுக்கல் ஒன்றுக்கும் அவர் பணம் எடுத்துவைக்கட்டும். கல் வாங்கப் பணம் மிஞ்சாது என்றால் ஒரு படி கீழான கத்தியை எடுத்துக்கொண்டு கல்லை நல்லதாக வாங்கட்டும்.